ஒரு மிஸ்டு கால், ஒரு சிவப்பு விளக்கு

வால்பாறையில் பொழுது சாய்ந்தால் பனி இறங்கிவிடும். டவுனுக்குப் போய் மளிகையோ மருந்தோ வாங்கிக்கொண்டு கடைசிப் பேருந்தில் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்குகிறவருக்கு, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடு போய்ச் சேர இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடை பாக்கி இருக்கும். தெருவிளக்கு கிடையாது. இடுப்பளவு தேயிலைக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பது இருட்டா, பாறையா, யானையா என்று கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் பத்தடி நெருங்கியிருப்பார்.

அதனால் இறங்கியதும் அவர் முதலில் பார்ப்பது மேட்டில் நட்டிருக்கும் கம்பத்தை. அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் எங்கோ ‘ஆனை நிக்குது’ என்று அர்த்தம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும் வெளிச்சம் அது. விளக்கைப் பார்த்தவர் அங்கேயே நின்று யாரையாவது துணைக்கு அழைப்பார், அல்லது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

விளக்கை எரியவிடுவதற்கென்று எந்த நகரத்திலும் கட்டுப்பாட்டு அறை இல்லை. விளக்கின் வயிற்றுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதே எஸ்டேட்டில் குடியிருக்கும் இரண்டு மூன்று பேரின் கைப்பேசி எண்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அவர்களில் ஒருவர் மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கு எரியும், மறுபடி கொடுத்தால் அணையும். தொழில்நுட்பம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த இரண்டு மூன்று பேரின் தலையில்தான்.

வனவிலங்குப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவு வருகிறவர்கள் காக்கி உடுத்த வனவர், கழுத்தில் கேமரா தொங்கும் ஆய்வாளர், மேடையில் விருது வாங்குகிறவர். ஊருக்குள் குடியிருந்துகொண்டு, ஊருக்கும் வெளியாருக்கும் நடுவில் ஓடுகிற ஆளை யாரும் படம் பிடிப்பதில்லை. திட்ட அறிக்கைகளில் அவருக்கு ‘உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணன், மாமா, சித்தப்பா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு யானை ரேஷன் கடைக் கதவை இடித்தால் திட்டு வாங்குவதும் அந்த அண்ணன்தான்.

வேலியால் ஆகாத வேலை

வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மழைக்காட்டை வெட்டிச் சாய்த்துக் காப்பியும் தேயிலையும் நட்ட இடம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளத்துப் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் தோட்டங்கள்; அவற்றில் சுமார் 70,000 மக்கள். மனிதருக்கு இது குடியிருக்கும் இடம், யானைக்கு நடந்துபோகும் தடம். நடு ஆறு, சோலையாறு கரைகளில் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளில் பகலெல்லாம் ஒதுங்கி நிற்கும் யானைகள், இருட்டியதும் தேயிலையைக் குறுக்கே கடந்து அடுத்த துண்டுக்குப் போகின்றன. போகிற வழியில் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் இருந்தால் அரிசி வாசம் இழுக்கிறது. உப்புக்காகச் சுவரை இடித்த கதைகளும் உண்டு.

2002 முதல் இந்த யானைகளைப் பின்தொடர்ந்து படித்தவர் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் எம்.ஆனந்தகுமார். ஊர்க்காரர்கள் அரைகுறையாக உணர்ந்திருந்ததை அவர் குழு ஆதாரத்தோடு கண்டது. யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோரை யானை தேடி வந்து கொல்லவில்லை. அது அங்கே நிற்பதே தெரியாமல் எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அப்படியானால் வேண்டியது வேலியா, பட்டாசா? ‘இன்றைக்கு யானை எந்த டிவிஷனில் நிற்கிறது’ என்ற ஒரு வரித் தகவல் போதும். மாலை நாலு மணிக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும்.

2006இல் அந்த ஒரு வரி உள்ளூர் கேபிள் டிவியில், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்குக் கீழே எழுத்தாக ஓடத் தொடங்கியது. சிரிக்க வேண்டாம், அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மாலையில் டிவி ஓடாத லைன் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2011இல் குறுஞ்செய்தி வந்தது; ஆயிரக்கணக்கான எண்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போனது. குரல் அழைப்பும் சேர்ந்தது, பேருந்துக்குள்ளும் அறிவிப்பு ஒலித்தது. சிவப்பு விளக்குகளும் அதே காலத்தில் நடப்பட்டவை. முதலில் விளக்குகளை இயக்கியது ஆய்வுக் குழு. போகப் போக ஊர்க்காரர்களே இயக்கத் தொடங்கினார்கள். உயிரிழப்புகள் முன்பைவிடக் குறைந்தன. ஆனந்தகுமாருக்கு 2015இல் லண்டனில் விட்லி விருது கிடைத்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் குறுஞ்செய்தியையும் விளக்கையும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் ஈரம் காயாத லத்தியைப் பார்க்கிறார்கள். வளைவில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த ஓட்டுநர் ஏழு உருப்படி எண்ணுகிறார். யாரோ ஒரு பையன் நாலு என்கிறான். இன்னொருவருக்கு நேற்றைய செய்தி இன்றைக்குத்தான் காதில் விழுந்திருக்கிறது. இவற்றில் எது நிஜம், எது ஊர்வாய் என்று பிரித்தெடுக்க ஆள்களைத் தெரிந்தவர் வேண்டும். எந்தப் பாட்டி மிகைப்படுத்துவார், எந்த வாட்ச்மேன் கண்ணால் காணாமல் பேசமாட்டார் என்பதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரப்படுவதில்லை.

வெளியாள் இதைச் செய்ய முடியாதா? செய்யலாம், சில மாதத்துக்கு. அப்புறம் ஜீப் கிளம்பிவிடும். உள்ளூர்க்காரர் போக இடமில்லை. சொன்ன செய்தி பொய்த்தால் மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அவருக்கு உண்மையான மேலதிகாரி அந்தக் குழாயடிதான்.

சம்பளத்துக்கு மாவு

இந்த ஏற்பாட்டின் வேர் ஒன்றைத் தேடினால் ஆப்பிரிக்காவின் தென்மேற்குக்குப் போக வேண்டியிருக்கிறது. 1980களின் தொடக்கம். நமீபியா அன்று தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. வடமேற்குப் பாலைப் பகுதியில் கொடிய பஞ்சம். ஹெரேரோ, ஹிம்பா மக்களின் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பசியிலிருந்தவர்களும் வேட்டையாடினார்கள், பசியில்லாத அதிகாரிகளும் வேட்டையாடினார்கள். கறுப்புக் காண்டாமிருகமும் பாலைவன யானையும் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தன.

கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் அங்கே போய் ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்தார். ஜோஷுவா கங்கோம்பே என்ற ஹெரேரோ தலைவர் உள்ளிட்டவர்கள் ஒரு யோசனைக்கு ஒத்துக்கொண்டார்கள்: ஊருக்கு ஊர் ஒரு காவலர், ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது தலைவர். சம்பளம் பெரும்பாலும் சோளமாவும் மளிகையும்; கையில் கொஞ்சம் காசு. தலைவர்கள் பொறுக்கியெடுத்தவர்களில் சிலர் வேட்டைக்காரர்கள். தடம் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. அந்தக் காவலர்களின் முதல் வேலை கைது செய்வதல்ல. காலடி பார்ப்பது, அந்நிய ஆளைப் பார்ப்பது, போய்த் தலைவரிடம் சொல்வது. தப்பு செய்தவன் முதலில் பதில் சொல்ல வேண்டியது தன் ஊருக்கு, அப்புறம்தான் போலீஸுக்கு. இந்த ஒரு சின்ன வரிசை மாற்றத்தில் நிறைய மாறியது.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் மகன் ஜான் கசோனா. ஓவன்-ஸ்மித்தும் மானுடவியலாளர் மார்கரெட் ஜேகப்சோனும் வளர்த்த அமைப்புக்குப் பின்னாளில் இயக்குநர் ஆனார். 2010இல் டெட் மேடையில் அப்பாவின் கதையைச் சொன்னார். இடையில் 1990இல் நாடு விடுதலை பெற்றது. 1996இல் சட்டம் திருத்தப்பட்டு, வனவிலங்கால் வரும் வருமானத்தில் ஊருக்கு உரிமை கிடைத்தது. 1998இல் நாலு சமூகக் காப்பகங்களோடு ஆரம்பித்தது இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அங்கே காவலர்கள் வைத்திருக்கும் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘நிகழ்ச்சிப் புத்தகம்’ என்று அதற்குப் பெயர். அன்றாடம் கண்டதைக் குறிக்க மஞ்சள் தாள், மாதக் கணக்குக்கு நீலம், ஆண்டுக் கணக்குக்குச் சிவப்பு. எந்த விலங்கை எண்ணுவது, எந்தச் சேதத்தைப் பதிவது என்று முடிவு செய்வது காப்பகத்து மக்கள். கூட்டல் கழித்தல் முதல் வரைபடம் வரை கையாலேயே ஊரில் போடுகிறார்கள். மூலப் பிரதி ஊரைவிட்டு வெளியே போவதில்லை. நகலைத்தான் அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. நம் ஊரில் கணக்கெடுக்க வந்தவர்கள் தாளைச் சுருட்டிக்கொண்டு போன கதைகளை நினைத்தால் இது சாதாரண விஷயமாகப் படாது.

செத்த யாக்கைப் பார்க்கப் போகிறவர்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கிப்பர் என்றொரு கிராமம், 4,200 மீட்டர் உயரத்தில். கோடையில் பச்சைப் பட்டாணி விளையும். குளிர்காலத்தில் குன்சும் கணவாய் பனியால் அடைபட்டுவிட்டால் உலகத்தோடு உறவு மெலிந்துபோகும். யாக், குதிரை, கழுதை, ஆடுகளை வைத்துப் பிழைக்கும் ஊர். மேலே பாறைகளில் பனிச்சிறுத்தையும் ஓநாயும்.

1990களின் நடுவில் சாருதத் மிஸ்ரா என்ற இளம் ஆய்வாளர் அங்கே தங்கிக் கணக்கெடுத்தார். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒன்றரைக்கு மேல் கால்நடையை வேட்டை விலங்குகளுக்கு இழந்துகொண்டிருந்தது. இருக்கிற மந்தையில் 12 சதவீதம். பண மதிப்பில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தில் பாதி. அரசு இழப்பீடு உண்டு, ஆனால் அதற்கு நடையாய் நடக்க வேண்டும். கிடைத்தாலும் மாட்டின் விலையில் சொற்பம். இந்த நிலையில் ‘பனிச்சிறுத்தை அழகான பிராணி, காப்பாற்றுங்கள்’ என்று போய்ச் சொன்னால் கேட்கிறவருக்கு என்ன தோன்றும்?

மிஸ்ராவும் நண்பர்களும் தொடங்கிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அங்கே முதலில் செய்தது புல்லைப் பற்றிய பேச்சு. சிறுத்தையின் இயல்பான இரை ‘பரல்’ எனப்படும் நீல ஆடு. ஊர் ஆடுமாடுகளே எல்லாப் புல்லையும் மேய்ந்துவிட்டதால் பரல் குறைந்துபோயிருந்தது. 1998இல் ஊரோடு ஒப்பந்தம் ஆனது: மேய்ச்சல் நிலத்தில் 5 சதுர கிலோமீட்டரில் மேய்ச்சல் கிடையாது, அதற்கு ஈடாக ஊருக்குப் பணம். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களே காவலர்கள். பரல் பெருகியதைக் கண்ட பிறகு ஊர் அந்த எல்லையை விரிக்கவும் சம்மதித்தது.

2002இல் வந்த யாக் காப்பீடுதான் இன்னும் சுவாரசியமானது. வைத்திருப்பவர் தவணை கட்டுவார்; முதல் சில ஆண்டுகள் அமைப்பும் பங்கு போட்டது. யாக்கைச் சிறுத்தை அடித்துவிட்டால் நிதியிலிருந்து ஈடு. கேட்க எளிது. மலையுச்சியில் கிடக்கும் பிணத்தைப் பார்த்து, இது சிறுத்தை அடித்ததா, நோயில் செத்ததா, பள்ளத்தில் உருண்டதா என்று சொல்ல வேண்டுமே, யார் சொல்வது? ஊரே தேர்ந்தெடுத்த குழு. அந்தக் குழுவையும் அமைப்பையும் சேர்த்துக் கட்டும் கயிறுதான் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். பனியில் ஏறிப் போய்ப் பார்ப்பார், கழுத்தில் பல் பதிந்திருக்கிறதா என்று தோலை விலக்கிப் பார்ப்பார், திரும்பி வந்து ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்வார். யாரிடம்? பெரியப்பா மகனிடம்.

அரசு அலுவலரிடம் பொய் சொல்வது பாவமில்லை என்று எல்லா ஊரிலும் ஒரு கணக்கு உண்டு. அது எங்கோ இருக்கிற பணம். காப்பீட்டு நிதியில் பக்கத்து வீட்டுக்காரியின் காசும் கிடக்கிறது. அங்கே பொய் சொன்னால் அவள் வீட்டுத் தேநீர் கசக்கும். இழப்பு குறைவாக, கவனமாக மந்தை காத்தவருக்குப் பரிசும் வைத்தார்கள். ஒரே இரவில் தொழுவத்துக்குள் குதித்து ஆடுகளை மொத்தமாக அடித்துப்போடும் விபத்துகளைத் தடுக்க, தொழுவத்துக்குக் கம்பிவலைக் கூரையும் உறுதியான கதவும் போட்டார்கள்.

கிப்பரில் கற்றதையும் மற்ற மலைநாடுகளில் கண்டதையும் வைத்து மிஸ்ரா 2016இல் எட்டுக் கொள்கைகளை எழுதினார். அவற்றில் முதலாவது ‘அங்கேயே இருத்தல்’. வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக எழுதியது அது. ஒருங்கிணைப்பாளருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் அங்கேயே பிறந்து தொலைத்தவர். மிஸ்ராவுக்கு விட்லி அமைப்பின் தங்க விருது 2005, 2022 என்று இரண்டு முறை கிடைத்தது.

2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்றது. லடாக்கில் மட்டும் 477, இமாசலத்தில் 51. இமாசலத்தின் கணக்கெடுப்பில் மூச்சு முட்டும் உயரங்களில் ஏறித் தானியங்கி கேமராக்களைக் கட்டியது கிப்பர் பகுதி இளைஞர்கள். அடுத்து மாநிலம் எடுத்த கணக்கு 2025இல் வந்தபோது எண்ணிக்கை 83. அம்முறை கிப்பர் பெண்களும் கேமரா தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். படங்களில் புள்ளிகளை ஒப்பிட்டுத் தனித்தனி விலங்கைப் பிரித்தறியும் கணினி வேலையும் கற்றுக்கொண்டார்கள்.

பாங்டியின் ஓராண்டு

நாகாலாந்தின் வோகா மாவட்டத்துப் பாங்டி கிராமத்துக்கு அவ்வளவு பொறுமை வாய்க்கவில்லை. அங்கே எல்லாம் பன்னிரண்டே மாதத்தில் நடந்தது.

அமூர் வல்லூறு புறா அளவுள்ள பறவை. சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அரபிக் கடலை நிற்காமல் தாண்டித் தென்னாப்பிரிக்கா வரை போகும். அக்டோபர், நவம்பரில் தோயாங் அணை நீர்த்தேக்கத்தருகே லட்சக்கணக்கில் இறங்கி ஈசலைத் தின்று உடம்பு தேற்றும். 2012 அக்டோபரில் பானோ ஹராலு என்ற பத்திரிகையாளரும் கன்சர்வேஷன் இந்தியா நண்பர்களும் அங்கே கண்டது மரங்களுக்கு நடுவே கட்டிய மீன்வலைகளை. நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் சாவதாக மதிப்பிட்டார்கள். அந்தக் காணொளி உலகம் முழுக்கப் போனது.

மறு ஆண்டு ஒரு பறவையும் வலையில் விழவில்லை. வனத்துறை வந்தது, தடை வந்தது, அதெல்லாம் சரி. நாகாலாந்தில் காடு பெரும்பாலும் ஊருக்கும் குடும்பத்துக்கும் சொந்தம். மேலிருந்து உத்தரவு போட்டு அங்கே ஒன்றும் பெயராது. கிராம சபைகள் தீர்மானம் போட்டு அபராதம் விதித்தன. தேவாலயங்களில் பேசினார்கள். பிள்ளைகளுக்குச் சூழல் மன்றங்கள் வந்தன. பறவை இறங்கும் நிலத்துக்காரர்களும் வலை கட்டியவர்களும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். நேற்று வலை கட்டியவர் இன்று மச்சானிடம் போய் ‘வலையை அவிழ்த்துவிடு’ என்று சொல்லும்போது அதற்கு இருக்கும் எடை, சீருடை போட்டவர் சொன்னால் வராது. நவம்பர் 2013இல் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். நாகா, வோகா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். தன் ஊர்ப் பெயர் தாங்கிய பறவை அரபிக் கடலைத் தாண்டுவதைக் கிராமமே பார்த்தது.

விலை கொடுக்காமல் இது நடக்கவில்லை. ஒரு பருவத்தில் வல்லூறு விற்றுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வருமானம் போனது போனதுதான். சுற்றுலா வரும் என்றார்கள்; ஓராண்டில் இரண்டு மாதம் மட்டும், கரடுமுரடான சாலையில் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்? இந்தக் கேள்வியை ஊர் கேட்பது திமாப்பூரிலோ கோஹிமாவிலோ இருக்கிற அதிகாரியிடம் இல்லை, சங்கத்தை முன்னின்று நடத்துகிற உள்ளூர்க்காரரிடம்.

அருணாசலத்தின் பக்கே காட்டோரத்தில் நைஷி மக்களின் கதை இதற்குப் பக்கத்து வீடு. இருவாச்சியின் அலகைத் தலைக்கவசத்தில் செருகுவது அவர்கள் மரபு. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். வாரக்கணக்கில் ஆண் பறவைதான் சிறு துவாரம் வழியே ஊட்டும். வெளியே ஆணைச் சுட்டால் உள்ளே குடும்பம் பட்டினியில் கிடக்கும். ஊர்ப் பெரியவர்களின் ‘கோரா ஆபே’ சங்கமும் வனத்துறையும் ஆய்வாளர் அபராஜிதா தத்தாவின் குழுவும் 2011இல் தொடங்கிய திட்டத்தில் நகரத்து மனிதர்கள் ஒரு கூட்டைப் பணம் கட்டித் தத்தெடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஊர்க்காரர் ஒருவர் பருவம் முழுக்கக் கூட்டைக் காவல் காக்கிறார். கவசத்துக்குச் செயற்கை அலகு வந்துவிட்டது. ஆனைமலைக்குத் தெற்கே வாழச்சால் காடுகளிலும் காடர் இளைஞர்கள் இதே போல இருவாச்சிக் கூடுகளைக் காத்துவருகிறார்கள்.

அக்காமார்களின் படை

இந்த வேலைக்கு ஆண்கள்தான் லாயக்கு என்ற நினைப்பை அசாமின் காம்ரூப் மாவட்டம் உடைத்தது. ஹர்கிலா என்றால் எலும்பு விழுங்கி. குப்பைமேட்டில் நின்று அழுகல் தின்னும், கூட்டுக்கடியில் நாறவைக்கும், வழுக்கைத் தலையுள்ள பெரிய நாரை. அதைக் கெட்ட சகுனம் என்றே ஊர் நினைத்தது. தன் தோட்டத்து மரத்தில் கூடு இருந்தால் மரத்தையே வெட்டிவிடுவார்கள். 2007இல் அப்படி ஒரு மரம் விழுந்ததைப் பார்த்த பூர்ணிமா தேவி பர்மன், ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுப் பெண்களிடம் போனார். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு போன்ற சடங்கு நடத்தினார்கள். பறவை உருவத்தைச் சேலையில் நெய்து விற்றார்கள். இன்று ‘ஹர்கிலா படை’யில் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள். பர்மனுக்கு 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘பூமியின் சாதனையாளர்’ பட்டம் கிடைத்தது. 2023இல் பறவையும் ‘அழியும் ஆபத்து’ப் பட்டியலிலிருந்து இரண்டு படி மீண்டது.

மரம் யாருடையது, அந்த வீட்டு மாமியாருக்கு யார் சொன்னால் கேட்பார் என்பது அடுத்த வீட்டு அக்காவுக்குத் தெரியும். கூட்டங்களில் பேசித் தீராதது பின்வாசலில் நின்று பேசினால் தீர்ந்துவிடுகிறது.

கூலிக்கணக்கு

இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிப்பானதல்ல. இத்தனை பாரம் சுமக்கிற ஆளுக்கு என்ன பதவி? எதுவுமில்லை. பெரும்பாலும் மாத மதிப்பூதியம். திட்டத்தின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. நிதி கொடுத்தவருக்கு வேறு விலங்கின் மேல் ஆசை வந்துவிட்டால் வேலை போய்விடும். ஆய்வுக் கட்டுரையில் கடைசி வரியில் நன்றி. அரசுத் தரப்பிலும் பெரிய வித்தியாசமில்லை. தமிழ்நாட்டு வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகக் காட்டுக்குள் இரவும் பகலும் நடப்பவர்களில் பலர் பழங்குடியினர். தொகுப்பூதியத்திலேயே ஆண்டுகள் கழிய, பணி நிரந்தரம் கேட்டு மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘சேவை மனப்பான்மை’ என்ற சொல்லை இந்த இடத்தில் நுழைப்பவர்களைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியைப் போன்றவர்கள் அன்பினால்தான் செய்தார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காகக் கூலியை மறக்கக் கூடாது. கிப்பரில் காவலருக்கு ஊதியம் உண்டு, நமீபியாவில் பஞ்சத்திலும் மாவு உண்டு. அந்த ஏற்பாடுகள் இத்தனை ஆண்டு நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல், பாலம் போல நிற்கிறவரை இரண்டு பக்கமும் மிதிக்கும். துறைக்கு அவர் ஊர்க்காரர், எனவே சந்தேகத்துக்குரியவர். ஊருக்கு அவர் துறையின் ஆள், எனவே காட்டிக்கொடுப்பவர். ஒரு பன்றி வேட்டையில் ஊர் இளைஞன் பிடிபட்டால் ‘போன் பண்ணியது யார்’ என்றுதான் முதல் கேள்வி வரும். நல்ல திட்டங்கள் இதைத் தெரிந்துவைத்து, துப்பு சொல்லும் வேலையையும் ஊரைச் சேர்த்துவைக்கும் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை. அது தெரியாத திட்டங்கள் நல்ல மனிதர்களை ஊர்ப்பகையில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கின்றன.

மறுபடி வால்பாறை

தேயிலைத் தோட்டங்களில் உள்ளூர் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். லைன் வீடுகளில் இன்று ஜார்க்கண்ட், அசாம், பீகார் குடும்பங்கள். குறுஞ்செய்தியின் தமிழும் ஆங்கிலமும் அவர்களில் பலருக்கு வெறும் கோடு. சிவப்பு விளக்குக்கு மொழி வேண்டாம், உண்மைதான். ஆனால் அது எதற்காக எரிகிறது என்று முதல் நாள் ஒருவர் சொல்லித்தர வேண்டுமே. பத்து, பதினைந்து ஆண்டாகச் சேர்த்த பழக்கம் குடும்பங்கள் இடம்பெயர்வதோடு கலைந்துபோகிறது. புதிதாக வந்தவரின் பெயரை விளக்கின் எண் பட்டியலில் சேர்ப்பதா, அவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்ற யோசனை வேறு.

2025 அக்டோபரில் யானை ஒன்று வீட்டைத் தாக்கியதில் பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். வழியில் எதிர்ப்படும் யானைக்கு விளக்கு உண்டு. வாசலுக்கே வந்துவிடும் யானைக்கு விளக்கு மட்டும் போதாது. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு ‘யானையை விரட்டாதீர்கள், வழிவிடுங்கள்’ என்று சொல்லும் ஆள் அந்த லைனில் எப்படி நடமாடுவார் என்பதை அறிக்கைகள் எழுதுவதில்லை. அவருக்கும் அங்கே வீடு இருக்கிறது, அவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார்.

விளக்கைப் பற்றி இன்னொன்று. எரியவிடுவதைவிட அணைப்பதுதான் கஷ்டமான வேலை. யானை போன பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் நாலாம் நாள் அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால் விடியலில், கொழுந்துக் கூடைகள் கிளம்புவதற்கு முன், ஒருவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். ஆற்றோரம் போய் முறிந்த கிளைகளையும் தடத்தையும் பார்க்கிறார், எதிரே வரும் பால்காரரை நிறுத்தி விசாரிக்கிறார். கூட்டம் ஆற்றைத் தாண்டிவிட்டது என்று நிச்சயமானதும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அந்த எண்ணுக்கு ஒரு ரிங் விட்டுத் துண்டிக்கிறார். பிறகு அண்ணாந்து கம்பத்தைப் பார்க்கிறார்.